சிஸ்பிளாட்டினும் ஒரு மாணவனின் செவியும்

பன்னிரண்டாம் வகுப்பில் வடிவ மாற்றியம் நடத்தும்போது, ஒருபக்க மாற்றியத்துக்கு எடுத்துக்காட்டாக சிஸ்பிளாட்டினைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். 'இது புற்றுநோய் மருந்து' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த எடுத்துக்காட்டுக்குப் போய்விடுவேன். அந்த மருந்தை உடலில் வாங்கிய ஒருவன் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆய்வகத்தில் 'பெர்ரஸ்' என்றால் அவன் 'பெர்ரிக்' புட்டியை எடுப்பான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நான் சொன்னவற்றில் பாதி அவன் நோட்டில் இருக்காது. கவனமில்லை என்று இருமுறை வகுப்பின் முன்னாலேயே கடிந்துகொண்டேன். அவனுடைய அம்மா ஒருநாள் மருத்துவமனைக் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்பதாம் வகுப்பில் முழங்காலருகே எலும்புப் புற்றுநோய்; சிகிச்சை முடிந்து குணமாகியிருக்கிறான். மருந்துகளின் பட்டியலில் முதல் பெயர் சிஸ்பிளாட்டின். அன்றிரவுதான் அந்த மருந்தைப் பற்றி முழுதாகப் படித்தேன்.

சேர்மம் பழையது. 1840களிலேயே இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே அதைத் தயாரித்துவிட்டார். மருந்தானது தற்செயலாக. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், செல் பிரிதலை மின்புலம் பாதிக்குமா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் கரைசலில் பிளாட்டின மின்முனைகளை வைத்தார். பாக்டீரியா பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரமன்று. வினைபுரியாது என்று நம்பிய மின்முனையிலிருந்து சிறிது பிளாட்டினம் கரைந்து, கரைசலிலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து அணைவுச் சேர்மமாகியிருந்தது. 1965இல் இந்த முடிவு வெளியானது. 1978இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது.

அது வேலை செய்யும் விதம் நம் பாடப்புத்தகத்துக்குள்ளேயே அடங்கும். தளசதுரத்தின் ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரைடு. இரத்தத்தில் குளோரைடு அயனி மிகுதி. அதனால் மருந்திலுள்ள குளோரைடு எளிதில் விலகாது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே நீர் மூலக்கூறு அந்த இடத்தைப் பிடிக்கிறது. லீ சாட்லியர் தத்துவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இந்த மருந்தை உப்புநீரில் கலந்து ஏற்றுவதற்கும் இதுவே காரணம். பிறகு பிளாட்டினம் டி.என்.ஏ.வின் ஒரே இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களைப் பற்றிக்கொள்கிறது. இழை வளைகிறது, படியெடுக்க முடியாமல் செல் மடிகிறது. மறுபக்க மாற்றியத்தில் குளோரைடுகள் எதிரெதிரே இருப்பதால் அடுத்தடுத்த இரண்டு குவானின்களையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. அது மருந்தாகப் பயன்படவில்லை. அணுக்கள் அவையேதான், இருக்கும் இடம் மட்டும் வேறு.

இனி செவிக்கு வருகிறேன். உட்செவியின் நத்தை எலும்பிலுள்ள மயிர்ச்செல்களை இம்மருந்து அழிக்கிறது. மனிதர்களில் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகளை வாங்கும் செல்கள். அதனால் பேச்சு கேட்கும். ஆனால் 'ஸ்', 'ஷ்', 'க்', 'ட்' போன்ற மெல்லொலிகள் நழுவும். பெர்ரஸ், பெர்ரிக் இரண்டும் அவனுக்கு 'பெர்ரி' என்று முடிந்திருக்கும்! கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதால் காது சரியாக இருக்கிறது என்று வீட்டிலும் நினைத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் உட்செவியில் பிளாட்டினம் தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வயது குறைந்த குழந்தைகளுக்கே பாதிப்பு அதிகம் என்பதால், இதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுத்துகளைக் கற்கும் வயதில் அந்த ஒலிகளே காதில் விழாமல் போனால் குழந்தை எதைப் பார்த்து எழுதும்?

அதே குடும்பத்துக் கார்போபிளாட்டின் செவியையும் சிறுநீரகத்தையும் குறைவாகவே தாக்கும். இரத்தத் தட்டணுக்களை அதிகம் குறைக்கும். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் அதை மாற்றாகக் கொடுத்துவிட முடியாது. நம் ஆய்வக அலமாரியில் 'ஹைப்போ' என்று இருக்கும் சோடியம் தயோசல்பேட்டை, உடலில் பரவாத கட்டியுள்ள குழந்தைகளுக்கு சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணிநேரம் கழித்து ஏற்றினால் செவியிழப்பு குறைகிறது. 2022இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கந்தகம் பிளாட்டினத்தை விரும்பிப் பிணைக்கும் என்பது நாம் நடத்தும் பாடம்தான்.

அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை எடுத்தார்கள். வரைபடக் கோடு வலப்பக்கம் செங்குத்தாக இறங்கியிருந்தது. இப்போது காதுக்கருவி அணிகிறான், இரண்டாம் வரிசையில் அமர்கிறான். நான் எழுதும்போது பேசுவதில்லை. எழுதி முடித்து, திரும்பி நின்று சொல்கிறேன். புட்டிகளில் பெயரோடு வாய்பாட்டையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். கடிந்துகொண்டதற்காக அவனிடம் அதே வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன்.

வடிவ மாற்றியப் பாடத்தன்று அவனே எழுந்து, "சார், நான் வரையட்டுமா?" என்றான். இரண்டு மாற்றியங்களையும் வரைந்துவிட்டு, முதலாவதைக் காட்டி, "எனக்கு ஏத்தினது இதுதான்" என்றான்.