உறக்கத்துக்கு ஓர் அளவுகோல்

நீளத்தை மீட்டரால் அளக்கிறோம். நிறையைக் கிலோகிராமால் அளக்கிறோம். உறக்கத்தை எதனால் அளப்பது? கடிகாரம் மட்டும் போதாது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்புடன் எழுபவர்கள் உண்டல்லவா?

உறங்கும்போதும் மூளையில் நுண்ணிய மின்னழுத்த மாற்றங்கள் நிகழ்கின்றன. தலைத்தோலில் மின்முனைகளை ஒட்டி இவற்றைப் பதிவு செய்யலாம். கண்களை மூடி விழித்திருப்பவரிடம் பொதுவாக 8 முதல் 13 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஆல்ஃபா அலைகள் தோன்றும். ஆழ்ந்த உறக்கத்தில் அதிர்வெண் 2 ஹெர்ட்சுக்கும் கீழே இறங்கும். அலையின் உயரமோ 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும்.

ஆனால், ஒரே பதிவை இருவர் இருவிதமாகப் பகுத்தால் என்ன பயன்? இதைத் தவிர்க்க, ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் என்போர் தலைமையில் அறிஞர்கள் 1968-இல் பொதுவான விதிகளை வகுத்தனர். அக்காலத்தில் பதிவுக் காகிதம் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். 30 சென்டிமீட்டர் பக்கம் ஒன்றில் 30 வினாடி உறக்கம் அடங்கும். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். நீளம் 288 மீட்டர்!

அளவுகோல் இருந்தால் போதுமா? அதைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கவும் ஓர் அமைப்பு வேண்டும். அதற்கெனவே 1975-இல் அமெரிக்காவில் உறக்கக் கோளாறு மையங்களின் சங்கம் தோன்றியது. இன்று அது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் எனப்படுகிறது. உறக்க ஆய்வு மையங்களைச் சோதித்துத் தகுதிச் சான்று அளிப்பது அதன் முக்கியப் பணி.

2007-இல் இக்கழகம் விதிகளைத் திருத்தியது. ஆழ்ந்த உறக்கத்தின் இரு நிலைகள் ஒன்றாக்கப்பட்டன. காகிதத்தின் இடத்தைக் கணிப்பொறித் திரை பிடித்துவிட்டது. 30 வினாடிக் கணக்கு மட்டும் மாறவில்லை. உறக்கத்தில் மூச்சு குறைந்தது 10 வினாடி தடைப்பட்டால்தான் அது 'மூச்சுத் தடை' என்று எண்ணப்படும். இத்தகைய பொது விதி இல்லாவிட்டால், ஓர் ஊரில் நோயாளி எனப்படுபவர் அடுத்த ஊரில் நலமானவர் ஆகிவிடுவார்!

13 முதல் 18 வயது வரை உள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று 2016-இல் இக்கழகம் பரிந்துரைத்தது. குறைந்த உறக்கம் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது.

மாணவர்களே, தேர்வுக்காக இரவு 12 மணிக்குப் படுத்துக் காலை 5 மணிக்கு எழுபவருக்கு ஒரு வாரத்தில் குறைந்தது எத்தனை மணி நேர உறக்கம் குறையும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை 21!