பகுபதமும் பகு எண்ணும்

ஓமந்தைக் களமொன்றிலே சூடடித்த நெல் 24 மூடை கிடப்பதாகக் கொள்வோம். பங்காளர் இருவராயினும் மூவராயினும், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவராயினும், மூடை அவிழ்க்காமலே பங்கிடலாம். ஒரு மூடை கூடி 25 ஆயின், ஐவருக்கோ இருபத்தைவருக்கோ அன்றிப் பிறர்க்குச் சரிவரப் பிரியாது. எண் பெருகியும் பகுதிறன் குறைந்தது. இவ்வியல்பே ஈண்டு ஆராயப்படுவது.

நன்னூலார் பதத்தைப் பகாப்பதம், பகுபதம் என இரண்டாக்கினார். எண்களும் அவ்வாறே. 2, 3, 5, 7 முதலியன பகா எண்கள். பாடநூல்கள் முதன்மை எண் என்னும். 12 பகு எண். அதன் உறுப்புகள் 2×2×3. இவற்றுள் 2ஐ எடாமலும், ஒருமுறை எடுத்தும், இருமுறை எடுத்தும் மூன்று வழி. 3ஐ எடாமலும் எடுத்தும் இரண்டு வழி. எனவே 3×2=6 காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12.

தன்னிற் சிறிய எவ்வெண்ணினும் மிகுதியான காரணிகளை உடையதை உயர் பகு எண் என்பர். 12, 24, 36, 48, 60 அத்தகையன. நம் முன்னோர் ஒரு நாளுக்கு வகுத்த நாழிகையும் 60 அன்றோ!

ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன், கேம்பிரிட்ஜ் சென்ற மறு ஆண்டில், 1915இல், இவ்வெண்களைப் பற்றிய பேராய்வை இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் எழுதினார். 1916இல் அவர் பெற்ற பட்டத்துக்கும் அதுவே ஆதாரம். அதிலுள்ள 102 எண்கள் கொண்ட அட்டவணையின் கடையெண் 6746328388800. அதாவது, ஆறு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்துமூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு.

இதனைப் பகுபதம் போலப் பிரிப்போம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இருமுறை, 7 இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொருமுறை. ஆகவே காரணிகளின் தொகை 7×5×3×3×2×2×2×2×2=10080. சிறிய பகா எண் பன்முறையும் பெரியது சிலமுறையும் வருதல் காண்க. மாறி வரின், காரணித் தொகை கூடாமலே எண் மட்டும் பெருகிவிடும்.

நிற்க. அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 293318625600. அதற்குக் காரணிகள் 5040. அதனை 23ஆற் பெருக்கிப் பாருங்கள். மேற்சொன்ன கடையெண்ணே வரும்! விடுபட்டது, எழுதப்பட்டதன் உள்ளேயே உறைந்திருந்தது.

மாணவப் பருவத்தில் யான் கணக்குக்கு அஞ்சியவன். ஒரு விடை பிழைத்தமைக்காகத் தாள் முழுவதையும் மறைத்து வைத்ததுண்டு. இன்று என் வகுப்பிலும் அவ்வாறு மறைக்கும் கைகளைக் காண்கின்றேன். பிற பாடங்களிலே தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தவர் இராமாநுஜன்; அவர் ஆய்விலும் ஓர் எண் விடுபட்டது. அதனால் ஆய்வின் பெருமை குன்றவில்லை. ஆயினும் விடுபட்டதை விடுபட்டதென்றே கணிதம் கூறுகின்றது.

ஆதலின் மாணாக்கரே, தாளை மறையாதீர்; மீண்டும் பெருக்கிப் பாருங்கள். ஆசிரியராய் அமர்ந்த பழைய மாணவரே, சிவப்பு மை இடுமுன், பிழைத்த விடையின் உள்ளே சரியானது எவ்வளவு உறைகின்றதென்று பிரித்துப் பாருங்கள்.