வேலை போனபின் வரவேண்டிய பணம் தாமதித்தால் என்ன செய்வது?



வேலை போவது ஒரு துன்பம். வேலை போனபின் நியாயமாய் வரவேண்டிய பணமும் வராமல், இன்று போய் நாளை வா என்று அலைக்கழிக்கப்படுவது இரண்டாம் துன்பம். முதலாவதைத் தடுக்கப் பல சமயம் நம்மால் இயலாது. இரண்டாவதைப் பெருமளவு தடுக்கலாம். அது எவ்வாறு என்பதே இவ்வாரப் பாடம்.

தருமமா, உரிமையா?

மில்லிலோ, பனியன் கம்பெனியிலோ, பட்டறையிலோ வேலை செய்பவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டிருக்கும். 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி, நூறு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்த வேண்டும். நம் மாநிலத்தில் இத்திட்டம் 1955-ல் கோயம்புத்தூரில் ஆரம்பமாயிற்று. அது மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. வேலை இழந்தவருக்கு உதவும் ஏற்பாடு ஒன்றும் அதில் உண்டு. 2018 ஜூலையில் தொடங்கிய அதற்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர்.

ஆகையால் இப்பணத்தைக் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. தொழிலாளரைப் பற்றி 1981-ல் நிருபம் எழுதிய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் வேலையற்றோருக்கு உதவித்தொகை அளிப்பதை ஒரு கடமையாகவே குறிப்பிட்டிருக்கிறார். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டு வட்டிக்குக் கடன் வாங்குவதில் யாதொரு புண்ணியமும் இல்லை.

எவ்வளவு கிடைக்கும்?

முதலில் சராசரித் தினக்கூலியில் கால் பங்கு என்றிருந்தது. 2020-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரே தடவை. வேலை போய் 30 நாட்கள் கழிந்தபின் விண்ணப்பிக்கலாம். இது தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்த திட்டம். ஆகவே இப்போது நடப்பில் இருக்கும் விதி யாது என்று உங்கள் கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கணக்கில் குறைத்துவிட்டார்கள்’ என்று சிலர் மனம் வருந்துகிறார்கள். கணக்கு இப்படித்தான்: வேலை போகுமுன் நான்கு சந்தா காலங்களில், அதாவது இரண்டு வருஷத்தில், பெற்ற மொத்தச் சம்பளத்தை 730 நாட்களால் வகுப்பார்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்கு 24 மாதத்தில் 2,88,000 ரூபாய். அதை 730-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 394 ரூபாய். பாதி 197 ரூபாய். 90 நாளைக்குச் சுமார் 17,750 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் அந்த 730-ல் அடங்குவதால்தான் தொகை குறைந்து தோன்றுகிறது. முன்னதாகவே இக்கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

வேலை போகுமுன் குறைந்தது இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். கடைசிச் சந்தா காலத்தில் 78 நாட்களும், அதற்கு முந்திய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாட்களும் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். தானாக விலகியவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவருக்கும் கிடையாது.

தாமதம் எங்கே உண்டாகிறது?

1. பெயர். நம் குடும்பங்களில் இது மிகவும் சாதாரணம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று. ஆரோக்கியசாமி என்ற ஒரே பெயரை இங்கிலீஷில் மூன்று விதமாய் எழுதி வைத்திருக்கிறோம். இ.எஸ்.ஐ. ஏட்டிலும், ஆதாரிலும், பாங்குப் புத்தகத்திலும் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுவிடக்கூடும். வேலையில் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். கம்பெனி திறந்திருக்கையில் ஒரு நாளில் முடிகிற காரியம், மூடியபின் மாதக்கணக்கில் இழுக்கும்.

2. பாங்குக் கணக்கு. பணம் நேரே உங்கள் கணக்குக்கு வருகிறது. 2020 ஏப்ரலில் பல பாங்குகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அலகாபாத் பாங்கு இந்தியன் பாங்கோடும், சிண்டிகேட் பாங்கு கனரா பாங்கோடும் சேர்ந்தன. பழைய புத்தகத்தில் உள்ள கிளைக் குறியீட்டை எழுதிக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகலாம்.

3. விலகிய காரணம். ஆளைக் குறைத்தார்களா, தானாய்ப் போனாரா என்பதைக் கம்பெனி இணையதளத்தில் பதிய வேண்டும். ‘தானாக விலகினார்’ என்று பதிந்துவிட்டால் உங்கள் விண்ணப்பத்துக்கு இடையூறு நேரும். ஆகையால் இதை மனதில் இருத்துங்கள்: உங்களை நிறுத்திவிட்டு, ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வேலையிலிருந்து நிறுத்தியதாக எழுத்தில் கேளுங்கள்.

4. கட்டப்படாத சந்தா. சம்பளத்தில் பிடித்த பணத்தைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். இதில் தொழிலாளிக்குத் துணை நிற்பது சம்பளச் சீட்டே. காண்டிராக்ட் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு மாதமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டு அம்மாமார் அதைத் தகரப் பெட்டியில் வருஷவாரியாய் அடுக்கி வையுங்கள்.

படிப்படியாய் நடவுங்கள்

விண்ணப்பத்தை இணையதளத்தில் நீங்களே செய்யலாம், அல்லது கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். முதலாளி மூலமாகத்தான் போக வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2020-ல் நீக்கப்பட்டது. கொடுத்த தாளுக்குத் தேதியிட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வருங்கால நாட்களுக்கு முன்கூட்டிக் கேட்க முடியாது. கழிந்த நாட்களுக்கே கேட்க வேண்டும்.

பதினைந்து நாளில் விண்ணப்பங்கள் தீர்க்கப்படும் என்று 2020-ல் அரசு அறிவித்தது. அவ்வளவு நாளும் கடந்தால், கிளை மேலாளரைப் பார்த்து, எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று மரியாதையாய்க் கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையேல், 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி, ‘என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது?’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். உரிமையே இல்லை என்று மறுத்தால், தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் தேதி, ரசீது, பேசிய அலுவலரின் பதவி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அலுவலகத்தில் கூச்சல் போட்டுத் திரும்புவதைவிட, இந்த நோட்டோடு போவதே பலன் தரும்.

இன்னொன்று. வேலை போன அன்றே வைத்தியமும் நின்றுவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. ஆகவே கேட்டறிந்து, சிகிச்சையைத் தொடருங்கள்.

நம் பக்கத்துக் கடமை

உரிமையைக் கேட்கிறவர் உண்மையையும் சொல்ல வேண்டும். இடையில் வேறு வேலை கிடைத்தால் அதை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். கிடைத்ததை மறைத்துப் பணம் வாங்குவது, சந்தா கட்டிய மற்றத் தொழிலாளரின் பணத்தை எடுப்பதாகும். ‘உள்ளே எனக்கு ஆளைத் தெரியும்’ என்று கமிஷன் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டார், அடுத்த வீட்டுப் பெரியவருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். வேலை போனவர் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுவதுண்டு. நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம். அவர் வீட்டுக்கு நாம் போவோம். ‘ஏன் வேலை போயிற்று?’ என்று விசாரிக்க வேண்டாம். ‘தாள்கள் எல்லாம் இருக்கிறதா, கூட வரட்டுமா?’ என்று கேட்டால் போதும்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் வேலைக்குப் போகிறவரின் பெயர் மூன்று ஏடுகளிலும் ஒன்றாயிருக்கிறதா?

2. கடந்த இரண்டு வருஷத்துச் சம்பளச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன?

3. நம் தெருவில் வேலை இழந்து, வெளியே சொல்லாமல் இருக்கும் குடும்பம் எது?

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் முதல் கேள்விக்குப் பதில் தேடிவிடுங்கள். மற்ற இரண்டையும் இந்த வாரத்துக்குள் முடிக்கலாம்.