வறட்சிக் காலத்தில் ஆற்றுநீரும் அருகிவரும் மீனினங்களும்

சிறுபோகத்தில் வானம் பொய்த்தால், வயலுக்கு நீர் கிடைக்குமோ என்பதே கமக்காரரின் முதற் கவலையாகும். அது இயல்பே. ஆயினும் அதே நாட்களில், ஆற்றில் எஞ்சி நிற்கும் சில மடுக்களில் அடுத்த ஆண்டுக்குரிய தாய்மீன்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைக் காக்க எவ்வளவு நீர் வேண்டும், அந்நீரை நெல்லுக்குக் கேடின்றி எவ்வாறு பெறலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

நமது ஆறு

வீரமுனை, சம்மாந்துறைப் பகுதி வயல்கள் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் நீரை நம்பியுள்ளன. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உண்டாயிற்று. அன்றுமுதல் அணைக்குக் கீழே ஆற்றின் ஓட்டம் பெரிதும் மதகின் வழிப்பட்டது. ஆகவே, வறட்சியில் மீன் பிழைப்பதும் மடிவதும் மழையை மாத்திரமன்றி, நாம் நீரைக் கையாளும் முறையையும் பொறுத்ததாகும்.

மீன் மடிவது ஏன்?

நீர் சூடேற, அதிற் கரையும் பிராணவாயு குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். இரவிற் பாசியும் நீர்ப்பூண்டுகளும் அதனை உட்கொள்வதால், விடியற்காலையில் நிலைமை மிக மோசமாகும். விரால், பனையேறி, சுங்கான் ஆகியன மேலே வந்து காற்றைச் சுவாசித்துத் தப்பும். கெண்டை இனங்களுக்கு அவ்வசதி இல்லை.

உலகில் வேறெங்குமில்லாத நன்னீர் மீனினங்கள் 50 இற்கு மேல் இலங்கையில் உள்ளன. அவற்றுட் பல அருகிவருகின்றன. உலர் வலயத்துக்குரிய ‘லேபியோ லங்கே’ என்னும் கெண்டையினம் அழிவின் விளிம்பில் உள்ளதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இத்தகைய இனம் இங்கு அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும்.

பிறநாட்டுப் படிப்பினை

ஐக்கிய அமெரிக்காவின் கிளமத் ஆற்றுப் பகுதியில் 2001 ஆம் ஆண்டு கடும் வறட்சி உண்டாயிற்று. அருகிவரும் மீன்களைக் காக்கும்பொருட்டு, அங்குப் பெரும்பாலான கமங்களுக்கு நீர் நிறுத்தப்பட்டது. பயிர் கருகிற்று, பெருங் கலகம் எழுந்தது. 2002 இல் கமங்களுக்கு நீர் வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில், குறைந்த வெதுவெதுப்பான நீரில் நெருக்குண்ட சாமன் மீன்கள் நோயுற்று 30,000 இற்கு மேல் மடிந்தன. முதலாண்டு கமக்காரர் அழுதனர். மறு ஆண்டு ஆற்றை நம்பிய மீன்பிடி மக்கள் அழுதனர். வறட்சி வந்தபின் பங்கிட முனைந்தால் ஒருவர் இழந்தே தீரவேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எவ்வளவு நீர் வேண்டும்?

மடுக்களை உயிருடன் வைத்திருக்க வெள்ளம் வேண்டியதில்லை. சிற்றோட்டம் இடையறாது இருத்தல் வேண்டும். 24 ஏக்கர் வயலில் ஓரங்குல நீரை மிச்சப்படுத்தினால் 2 ஏக்கர்-அடி நீர் கிடைக்கும். செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓட இது போதுமானது. 240 ஏக்கர் வெளியொன்று இவ்வாறு செய்தால் பத்து நாள் ஓட்டம் கிடைக்கும். எம்மடுவுக்கு எவ்வளவு ஓட்டம் தேவை என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் அளந்து கூறுவர்.

இது நம்மால் ஆகுமா என ஐயுற வேண்டியதில்லை. 1981 சிறுபோகத்திற் சமுத்திரம் ஏறக்குறையக் காற்பங்கே நிறைந்திருந்தது. அப்போது இடதுகரைக் கமக்காரர் குழுக்களாகக் கூடி வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மேல்மடையார் மிச்சப்படுத்திய நீரைக் கடைமடையாருக்கு விட்டனர். கடைமடைக்குக் கொடுத்த கை ஆற்றுக்கும் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. பயிர்செய்யும் பரப்பையும் நீர் விடும் திகதிகளையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் தீர்மானிக்கும்போதே, ஆற்றுக்குரிய பங்கையும் ஒதுக்குக. மிச்ச நீரைக்கொண்டு மேலும் ஒரு துண்டு விதைத்தால் ஆற்றுக்கு ஏதும் எஞ்சாது.

2. பயிர் வேரூன்றிக் களை அடங்கியபின், வயலில் எந்நேரமும் நீர் நிற்க வேண்டியதில்லை. நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 6 அங்குலம் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மாத்திரம் நீர் தேங்கி நிற்றல் வேண்டும்.

3. வாய்க்கால் நீரைத் திடீரென நிறுத்தாது படிப்படியாகக் குறைக்கும்படி வட்டவிதானை மூலம் கேட்டுக்கொள்க. அப்போதுதான் மீன் ஆழமான இடத்தைச் சென்றடையும்.

4. ஆற்றோரத் தோட்டக்காரர் கடைசி மடுவில் நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்தலாகாது. மரக்கறிப் பாத்திகளை வைக்கோலால் மூடி, மாலையில் நீரூற்றுக.

5. மருந்து தெளித்த வயல்நீரை உடனே ஆற்றுக்கு வடியவிடாதீர். மடுவை இறைத்தோ நஞ்சிட்டோ மீன் பிடிக்காதீர்.

6. கரையிலுள்ள மருத மரங்களை வெட்டாதீர். அவற்றின் நிழல் மடுநீரைக் குளிர்விக்கின்றது.

பெரும்போக மழை தொடங்கிப் புதுவெள்ளம் வரும்போது, மடுவிற் பிழைத்த மீன்களே ஓடையேறி, வாய்க்காலேறி, வயல்களுக்கும் வந்து முட்டையிடும். ஒரு மடுவிற் காத்த சில தாய்மீன்கள் ஒரு வெளியை நிரப்பும். விதைநெல்லை உண்ணாது காப்பவர் கமக்காரர். ஆற்றின் விதையையும் அவ்வாறே காத்தல் அவர் கடனாகும்.