கணிதம், பௌதிகம்: விலையில்லா நூல்களைப் படிக்கும் வரிசை

கணிதத்தையும் பௌதிகத்தையும் தாமாகவே கற்கத் தொடங்குவோர்க்கு இன்று நூல்கள் கிடைக்காமல் இல்லை. விலையின்றிக் கிடைப்பவையே ஏராளம். எதை எதற்கு முன் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறிப் பாதியில் விட்டுவிடுகின்றனர்.

1961-இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பள்ளிப் பாடநூல்களை இணையத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம். பயிற்சிக் கணக்குகளுக்கு விடைகளும் நூலின் இறுதியில் உள்ளன; ஆசிரியர் இல்லாதவர்க்கு இது பெருந்துணை. பட்டம் பெற்றவராயினும் பத்தாம் வகுப்புக் கணித நூலிலிருந்து தொடங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பதினோராம் வகுப்பில் ஓர் இடறல் உண்டு. பௌதிக நூல், நேர்க்கோட்டு இயக்கம் பற்றிய தொடக்க அத்தியாயத்திலேயே கணநேரத் திசைவேகத்தை வகைக்கெழுவாக எழுதிவிடுகிறது. கணித நூலிலோ எல்லைகளும் வகைக்கெழுக்களும் இறுதிப் பகுதியில்தான் வருகின்றன. மாறும் விசை செய்யும் வேலையைக் கணக்கிடத் தொகையீடு வேண்டும். அது பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் இருக்கிறது. பள்ளியில் இந்த இடைவெளியை ஆசிரியர் நிரப்புகிறார். தனியே படிப்பவரோ, பௌதிகம் தமக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அவரைத் தடுத்தது முன்னரே படித்திருக்க வேண்டிய கணித அத்தியாயம் ஒன்றே.

அதன் சாரத்தை எண்களைக் கொண்டே காணலாம். விழும் கல் கடக்கும் தூரம், நொடிகளின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர் எனக் கொள்வோம். 2 நொடியில் 20 மீட்டர்; 2.1 நொடியில் 22.05 மீட்டர். இடைப்பட்ட சராசரி வேகம் நொடிக்கு 20.5 மீட்டர். இடைவெளியை 0.01 நொடியாகக் குறைத்தால் 20.05. மேலும் குறைக்கக் குறைக்க 20-ஐ நெருங்கும். அந்த 20-தான் வகைக்கெழு. பொருளாதாரம் பயின்ற நாங்கள் இறுதிநிலைச் செலவு என்று சொல்லி வருவதும் இக்கருத்தையே.

பாடநூல் நடை வறட்சியாகத் தோன்றினால், சில்வானஸ் தாம்சன் என்னும் மின்பொறியியல் அறிஞர் 1910-இல் வெளியிட்ட 'கால்குலஸ் மேட் ஈசி' நூலை நாடலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் மின்னூல் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபெயின்மனின் பௌதிக விரிவுரைகளும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைப்பவையே. எனினும் அவை 1961 முதல் 1963 வரை கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் தேர்ந்த மாணவர்க்கென நிகழ்த்தப்பட்டவை. பன்னிரண்டாம் வகுப்பு நூலை முடித்தபின் எடுப்பதே நலம். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் வெளியிட்டு வரும் 'ரெசோனன்ஸ்' இதழுக்கும் இது பொருந்தும். என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைக் காண்பது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

மேற்கண்ட குழுமத்தின் நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் உள்ளன. தமிழ்வழி பயின்றோர், தமிழ்நாடு அரசு இருமொழியிலும் இலவசமாக இணையத்தில் வைத்துள்ள மேல்நிலை நூல்களை இணையாக வைத்துப் படித்தால் கலைச்சொற்கள் எளிதில் பழகிவிடும். மாவட்ட நூலகப் பொறுப்பிலுள்ள அலுவலர்கள் இந்நூல்களை நூலகக் கணினியில் முன்கூட்டியே இறக்கி வைத்தால், கைப்பேசியில் இணையத்திற்குப் பணம் செலுத்த இயலாத மாணவரும் அங்கு வந்து படிக்கலாம்.