மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்: ஆராய்ச்சி சொல்வது என்ன?

கண் மஞ்சளானால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து, எண்ணெயையும் இறைச்சியையும் நிறுத்தினால் சில வாரங்களில் ஆள் தேறிவிடுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் தேறியது எதனால் என்பதுதான் கேள்வி.

மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல, நோயின் அடையாளம். பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. கல்லீரல் பழுதானாலோ பித்தக்குழாய் அடைத்தாலோ அது இரத்தத்தில் தங்கிவிடுகிறது. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் பெரும்பாலோருக்குத் தாமாகவே நீங்கிவிடும். (கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிராபத்தாகலாம், கண் மஞ்சளானதும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.) கீழாநெல்லியின் நற்பெயரில் பெரும்பங்கு, இப்படித் தாமாக நீங்கிய காமாலையால் வந்தது.

ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. இந்த வைரஸின் தடயத்தை 1960களில் கண்டறிந்த அமெரிக்கர் பாரூக் பிளம்பெர்க், 1976இல் நோபல் பரிசு பெற்றார். கீழாநெல்லியை அவர் அலட்சியம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு அவர் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மூலிகைக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்தார்கள், அது தேறவில்லை. ஆகவே, பி வகைக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதே நம் கருத்து.

பி வைரஸ் நேரடியாகக் கல்லீரலைத் தின்பதில்லை. வைரஸ் குடியேறிய செல்களை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. அந்தப் புண் ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. வருடக்கணக்கில் தழும்பு சேர்ந்தால் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது, புற்றுநோயும் வரலாம். இத்தனையும் கண் மஞ்சளாகாமலே நடக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைக்கிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினாலோ சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு நிலைத்துவிடுகிறது; பச்சிளம் உடலுக்கு அதை எதிரியென்று அடையாளம் காணத் தெரியாது.

அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசி அவ்வளவு முக்கியம். தைவான் 1984இல் இதைத் தொடங்கியது; பின்னர் அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். "பச்சைப்பிள்ளைக்கு என்ன ஊசி, நாற்பது கழியட்டும்" என்று தள்ளிப்போடும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்கு இன்னொரு ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கர்ப்பகாலத்திலேயே அவருக்குப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான்.

சுன்னத், ஹிஜாமா செய்யும் இடங்களில் ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை இன்னொருவருக்கு எடுக்கக்கூடாது. கேட்க வெட்கப்பட வேண்டாம், புதிய உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.

2018 முதல் தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரத்தத்தால் பரவும் சி வகையைப் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரை முழுமையாகக் குணமாக்கிவிடுகிறது. பி வகையை மாத்திரை அடக்கி வைக்கும்; மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் சீறி எழும்.

வீட்டில் ஒருவருக்கு பி இருப்பது தெரிந்தால் மற்றவர்கள் பரிசோதித்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி தனியாக இருக்கட்டும். தட்டைத் தனியாக்க வேண்டாம். ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவதால் இது பரவாது.