65 வயதுக்கு முன் வரும் மறதிநோய்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முதியவர்களுக்கே வரும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் அல்சைமர் நோயை மருத்துவ உலகு அறியக் காரணமான நோயாளி முதியவர் அல்லர். 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்டே டேட்டர் என்னும் அப்பெண்மணிக்கு அப்போது வயது 51. 65 வயதுக்கு முன் தொடங்கும் இந்நிலையை இளவயது மறதிநோய் என்பர்.

இவ்வயதில் முதல் அறிகுறி எப்போதும் மறதியாக இருப்பதில்லை. மூளையின் முன்பகுதி பாதிக்கப்படும்போது, நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருக்கையிலேயே குணம் மாறக்கூடும். சிக்கனமானவர் காரணமின்றிச் செலவிடுவார். அன்பானவர் பிறர் துயரைப் பொருட்படுத்தார். இதனை வீட்டார் அலட்சியம் என்றும், அலுவலகத்தார் ஒழுங்கீனம் என்றும் கருதிவிடுகின்றனர்.

ஒருவரது இயல்பு படிப்படியாக மாறிவருமாயின், அவரை நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கண்ட மாற்றங்களை நாள் குறித்து எழுதிக் கொண்டுசெல்வது பெரிதும் உதவும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இத்தகைய அறிகுறிகளைத் தரக்கூடும்; அவை சிகிச்சைக்கு உரியவை. எனவே இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் இன்றியமையாதவை.

நோய் உறுதியானால், அவசரப்பட்டுப் பணிவிலகல் கடிதம் அளிக்க வேண்டா. நினைவையும் சிந்தனையையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மனநோய் என்னும் பிரிவில் சேர்த்துள்ளது. பணிக்காலத்தில் இயலாமை அடைந்த அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு. தாமே விலகிவிட்டால் இப்பாதுகாப்பைக் கோருவது கடினம். தனியார் நிறுவனத்தில் பணிபுரிவோர் மருத்துவச் சான்றைக் காட்டி, எளிய பணியோ நீண்ட விடுப்போ கேட்டுப் பார்க்கலாம்.

நோயாளி தம் விருப்பத்தைத் தெளிவாகக் கூறக்கூடிய காலத்திலேயே வங்கிக் கணக்கு, காப்பீடு, வீட்டுக் கடன், உயில் ஆகியவற்றை அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் நோயை மறைக்காமல், “அப்பா வேண்டுமென்று அப்படி நடந்துகொள்ளவில்லை, அது நோயின் விளைவு” என்று சொல்லுங்கள். பராமரிப்பவரும் சோர்வடைவது இயல்பே. டெலி மனாஸ் இலவச மனநல ஆலோசனை எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் காலத்தே அறிந்தால், வருவாயையும் உரிமையையும் காத்து, நோயாளியின் சொல்லுக்கு மதிப்பளித்து வாழ இயலும்.